பாஸ்டிக்குள் கறியை வேகவைத்துத்தான் வைக்க வேண்டுமா?

வாசகர் கேள்வி, 13 அக்டோபர் 2023

பர்மிங்ஹாமிலிருந்து எழுதுகிறேன். கோடை விடுமுறையில் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வால் போயிருந்தபோது சாப்பிட்ட பாஸ்டியின், அதாவது மாவுக்குள் கறியும் கிழங்கும் வைத்து மடித்து ஓவனில் சுடுகிற பண்டத்தின், ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. வீட்டில் இரண்டு முறை செய்து பார்த்தேன். மாட்டுக்கறியை வெங்காயம், இஞ்சி, பூண்டோடு வதக்கி, உருளைக்கிழங்கையும் டர்னிப்பையும் வேகவைத்துப் பிசறி, மாவுக்குள் வைத்து மூடினேன். சமோசாவுக்குச் செய்கிற அதே முறை. இரண்டு முறையும் அடிப்பக்கம் சொதசொதவென்று ஊறிவிட்டது. ஓரத்துப் பின்னலும் பிரிந்து வாயைத் திறந்துகொண்டது. ஒரு காணொளியில் எல்லாவற்றையும் பச்சையாகவே வைத்து மூடுகிறார்கள். பச்சைக் கறி உள்ளே எப்படி வேகும்? வயிற்றுக்கு ஆகுமா?

14 அக்டோபர் 2023

பச்சையாகத்தான் வைக்க வேண்டும். வதக்கி வைத்தால் அது வேறு பண்டம். நன்றாகக்கூட இருக்கலாம், ஆனால் பாஸ்டி இல்லை.

பிரியாணிச் சட்டியின் மூடியைச் சுற்றி மாவு ஒட்டித் தம் போடுகிறோம் அல்லவா? இங்கே சட்டியே மாவுதான். கறி விடும் சாறு, வெங்காயம் விடும் நீர் எல்லாம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுழன்று கிழங்கை வேகவைக்கிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் அடுப்பில் இருக்கிறது. வேகாமல் எங்கே போகும்? நீங்கள் முன்கூட்டியே வேகவைத்ததால் கிழங்குக்குச் சாற்றை உறிஞ்ச வேலையே இல்லாமல் போயிற்று. சாறு நேரே அடியில் இறங்கி மாவை ஊறவைத்துவிட்டது.

இது என் சொந்தப் பிடிவாதம் அல்ல. 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் கார்னிஷ் பாஸ்டி என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தபோது எழுதிய விதியிலேயே இருக்கிறது: உள்ளே வைப்பது வேகாததாக இருக்க வேண்டும், பின்னல் உச்சியில் இல்லாமல் பக்கவாட்டில் இருக்க வேண்டும், பூரணத்தில் 12.5 சதவீதமாவது மாட்டுக்கறி, 25 சதவீதமாவது காய். காய் என்றால் உருளை, டர்னிப், வெங்காயம், அவ்வளவுதான். மசாலா என்றால் உப்பும் மிளகும். இஞ்சிக்கும் பூண்டுக்கும் அங்கே இடமில்லை.

14 அக்டோபர் 2023, இரவு

படுக்கப் போன பிறகு ஒன்று உறைத்தது. டர்னிப் என்று எழுதியிருந்தீர்கள். எந்த டர்னிப்? வெள்ளையாக, தோளில் ஊதா பூசியதுபோல இருக்குமே, அதுவா?

அதுவென்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. கார்ன்வால்காரர்கள் டர்னிப் என்று சொல்வது உள்ளே மஞ்சளாக, தலைப் பருமனுக்குக் கல் மாதிரி இருக்கிற கிழங்கை. இங்கிலாந்தின் மற்ற ஊர்களில் அதற்கு ஸ்வீட் (swede) என்று பெயர். தமிழில் எழுதினால் மிட்டாய்க் கடை மாதிரி இருக்கிறது, என்ன செய்வது. வெள்ளை டர்னிப் முழுக்கத் தண்ணீர். மஞ்சள் கிழங்குக்குச் சதைப்பற்று உண்டு, வெந்தபின் லேசான இனிப்பும் மிளகுக்கு ஈடுகொடுக்கிற ஒரு காரலும் வரும்.

கார்ன்வாலில் இந்த ரெட்ரூத் ஊருக்குக் குடிவந்த புதிதில் நானும் வெள்ளையைத்தான் வாங்கினேன். கடைக்கார அம்மாள் அதைத் தராசில் வைத்துவிட்டு, எதற்கு என்று கேட்டார். பாஸ்டிக்கு என்றேன். ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு மஞ்சள் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "மை லவர், இதுதான் டர்னிப்." இந்த ஊரில் கடைக்காரரும் பஸ் ஓட்டுநரும் முன்பின் தெரியாதவரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முதல் மாதம் என் கணவர் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தார்.

15 அக்டோபர் 2023

நேற்று எழுதியதில் ஒரு பிழை. 12.5 சதவீதம், 25 சதவீதம் என்பது பூரணத்தில் அல்ல, மாவோடு சேர்த்து மொத்தப் பாஸ்டியில். இது சட்டத்தின் அடிமட்டம்தான். வீட்டில் இதைவிடக் கூடுதலாகத்தான் வைப்போம்.

என் அளவு இது, 6 பாஸ்டி வரும். மாவு 500 கிராம், பன்றிக் கொழுப்பு 125, வெண்ணெய் 125, ஒரு சிறுகரண்டி உப்பு, ஜில்லென்ற தண்ணீர் 150 மில்லியில் தொடங்கித் தேவைக்கு. பூரணத்துக்குக் கறி 450, உருளை 450, மஞ்சள் டர்னிப் 250, வெங்காயம் 200. பன்றிக் கொழுப்பு வேண்டாம் என்பவர்கள் வெள்ளைத் தாவரக் கொழுப்புப் போடலாம். முழுக்க வெண்ணெய் போட்டால் வாசனை அருமையாக இருக்கும், மாவுதான் நிற்காது.

மாவு விஷயத்தில் கேக் மாவை எடுக்காதீர்கள், ரொட்டிக்கான பலமான மாவை எடுங்கள். பை, டார்ட் செய்து பழகிய கைக்கு இது விநோதமாகப் படும். அதற்கெல்லாம் மாவைத் தொட்டும் தொடாமலும் விட வேண்டும் என்று படித்திருப்போம். பாஸ்டி மாவைப் பரோட்டாவுக்குப் போல அடித்துப் பிசைய வேண்டும், இழுத்தால் வர வேண்டும். கால் கிலோ பூரணத்தைச் சுமக்கிற பை அல்லவா? பிசைந்ததும் சுற்றிக் குளிர்பெட்டியில் 3 மணி நேரம். இதைக் குறைத்தால் தேய்க்கத் தேய்க்க ரப்பர் மாதிரி சுருங்கிக்கொள்ளும்.

15 அக்டோபர் 2023, மதியம்

உப்பு பற்றி எழுத விட்டுப்போனது. உங்கள் அடி ஊறியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். நறுக்கியதையெல்லாம் ஒரே கிண்ணத்தில் போட்டு உப்புப் பிசறி வைத்துவிட்டு மாவு தேய்க்கப் போனால், திரும்பி வரும்போது கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் உள்ளே வைப்போம். மாவு வட்டத்தைத் தேய்த்த பிறகு அதன்மேல் உருளை, டர்னிப், வெங்காயம், எல்லாவற்றுக்கும் மேலே கறி என்று அடுக்குங்கள். அடுக்குக்கு அடுக்கு உப்பும் மிளகும் தூவி உடனே மூடுங்கள். கறியை மேலே வைப்பது சாறு கீழே கிழங்குக்கு இறங்கத்தான். மிளகு, கை நடுங்காமல் போடுங்கள். அதில் கஞ்சத்தனம் செய்த பாஸ்டி ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கும்.

தட்டையும் முன்பே அடுப்பில் வைத்துச் சூடாக்கிவிடுங்கள். பாஸ்டியைக் காகிதத்தோடு அந்தச் சூட்டின்மேல் இறக்கினால் அடி உடனே பிடித்துக்கொள்ளும்.

22 அக்டோபர் 2023

பர்மிங்ஹாம் வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார். அடி ஊறவில்லை, மஞ்சள் டர்னிப் கிடைத்தது, கிழங்கு வெந்தது, ஆனால் கறி செருப்புத் தோல். ஸ்டூவுக்கென்று வெட்டி வைத்திருந்த துண்டுகளை வாங்கினாராம்.

தவறு என்னுடையது. எந்தக் கறி என்று நான் எழுதவே இல்லை. ஸ்டூ கறிக்கு மூன்று மணி நேரம் கொதிக்க வேண்டும், பாஸ்டி அவ்வளவு நேரம் கொடுக்காது. கார்ன்வாலில் கேட்டு வாங்குவது ஸ்கர்ட் என்ற பகுதி, மாட்டின் வயிற்றுப் பக்கத்துத் தசை. சவ்வு குறைவு, நார் நீளமாக ஓடும், சாறு நிறைய விடும், சீக்கிரம் வேகும். நாருக்குக் குறுக்கே, சுண்டைக்காய் அளவுக்கு வெட்டுங்கள். கொத்துக்கறி வேண்டாம். விதி அதை அனுமதிக்கிறது, எனக்குத்தான் பிடிக்காது. வெந்ததும் எல்லாம் ஒன்றாகக் கட்டிக்கொண்டு, எது கறி எது கிழங்கு என்று தெரியாமல் போகிறது.

உருளையையும் சதுரமாக வெட்டாதீர்கள். பக்கத்து வீட்டு அம்மாள் பலகையே எடுப்பதில்லை. இடது கையில் கிழங்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் சின்னக் கத்தியால் சீவல் சீவலாக நேரே மாவின்மேல் விழச் சீவுகிறார். சீவலின் ஒரு பக்கம் தாள் போலவும் மறுபக்கம் தடிப்பாகவும் இருக்கும். தாளான பக்கம் கரைந்து சாற்றைக் கெட்டியாக்கும், தடித்த பக்கம் கிழங்காகவே நிற்கும். இதை எந்தச் செய்முறையிலும் நான் படித்ததில்லை, அவர் மடியில் தட்டை வைத்துச் சீவுவதைப் பார்த்துத்தான் புரிந்தது.

29 அக்டோபர் 2023

பின்னலுக்கு வருகிறேன். இதில் நமக்குப் பாதி வேலை முன்பே தெரியும்.

தீபாவளிக்குச் சோமாசி செய்திருப்பீர்கள். பல்சக்கரக் கரண்டியால் வெட்டுவதைச் சொல்லவில்லை. பாட்டி காலத்தில் விரலாலேயே ஓரத்தை மடித்து மடித்துக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு போவார்களே, அது. பாஸ்டியும் அதே. வட்டத்தின் ஒரு பாதியில் பூரணம், மறு பாதியை இழுத்து மேலே மூடி, விளிம்புகளை ஒட்டி அழுத்த வேண்டும். வலது முனையில் தொடங்கி, மூலையை உள்பக்கம் மடித்துக் கட்டைவிரலால் அழுத்தி, அந்த அழுத்தத்தில் பிதுங்கி வருகிற அடுத்த மூலையைப் பிடித்து மறுபடி மடிக்க வேண்டும். ஒவ்வொரு மடிப்பும் முந்தைய மடிப்பின் வாலைப் பிடித்துக்கொள்ளும். கடைசி மூலையை அடியில் செருகிவிடுங்கள். இடக்கைக்காரர் முறுக்கினால் கயிறு எதிர்ப்பக்கம் சாயும். அதைச் சேவல் பாஸ்டி என்றும் வலக்கைக்காரருடையதைப் பெட்டை என்றும் இங்கே சொல்கிறார்கள். என் மகள் இடக்கை. எங்கள் வீட்டுத் தட்டில் இரண்டு சாதியும் இருக்கும்.

பிரிந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம் ஓரத்தில் தண்ணீர் அதிகம் தடவுவது. விரல் நுனி ஈரம் போதும், அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும். விளிம்பில் எண்ணெய்ப்பசையோ மிளகுத் தூளோ பட்டிருந்தாலும் ஒட்டாது.

கார்ன்வாலின் வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர்கள் இந்தப் பின்னலைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு பாஸ்டியைத் தின்றுவிட்டு, பின்னலை எறிந்துவிடுவார்களாம். வெள்ளீயத் தாதுவோடு ஆர்சனிக்கும் கலந்திருந்ததால் கை முழுக்க விஷம்.

30 அக்டோபர் 2023

நேற்று கடைசியில் எழுதிய கதையை நம்பிவிடாதீர்கள். நானே ஒன்பது வருடம் விருந்தாளிகளிடம் அளந்த கதை அது. பக்கத்து வீட்டு அம்மாளிடம் நேற்று மாலை பெருமையாகச் சொன்னேன். அவருடைய கணவர் சவுத் கிராஃப்டி சுரங்கத்தில், 1998இல் அது மூடப்படும்வரை வேலை செய்தவர். அம்மாள் சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது. "பின்னலை எறிவதா? அவர் துணுக்குக்கூட மிச்சம் கொண்டுவந்ததில்லை. காகிதத்தில் சுற்றிக் கொடுப்பேன், காகிதத்தைப் பிடித்துக்கொண்டு முனையிலிருந்து முனைவரை தின்பார்."

யோசித்தால் அதுதான் நியாயம். பழைய புகைப்படங்களிலும் சுரங்கத் தொழிலாளர்கள் பாஸ்டியைத் துணிப்பையிலோ காகிதத்திலோ பிடித்துத்தான் தின்கிறார்கள். ஆர்சனிக் இருந்தது உண்மை, அதைத் தனியாகப் பிரித்து விற்றுப் பணம் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அரை வயிற்றுக் கூலிக்காரன் நல்ல மாவில் கால் பங்கைத் தூக்கி எறிவான் என்பது வயிறு நிறைந்தவர்கள் கட்டிய கதை. சுரங்கத்துக்குள் தட்டும் ஓசை எழுப்புகிற குட்டிப் பூதங்களுக்குத் துண்டு போட்டுவிட்டு வருவார்கள் என்றும் ஒரு கதை உண்டு. அதைக் கேட்டபோது அம்மாள் சிரிக்கவில்லை.

மாவின் ஒரு மூலையில் பெயரின் முதலெழுத்தை ஒட்டுவது மட்டும் உண்மையாகவே நடந்தது. பாதி தின்றுவிட்டு வைத்தால் மிச்சம் யாருடையது என்று தெரிய வேண்டுமே. எழுத்துள்ள மூலையைக் கடைசியில் தின்ன வேண்டும்.

12 நவம்பர் 2023

தீபாவளி. சோமாசி செய்ய உட்கார்ந்து, கை பாட்டுக்குப் பாஸ்டிப் பின்னல் போட்டுவிட்டது. பூரணம் தேங்காயும் ரவையும், உருவம் கார்ன்வால்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தபோது பேச்சு தாத்தாவிடம் போயிற்று. அம்மாவின் அப்பா கோலார் தங்கவயலில் நிலத்தடியில் வேலை செய்தவர். 1880இல் அந்தச் சுரங்கங்களை எடுத்து நடத்த வந்தது ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். கார்ன்வால் சுரங்கக்காரர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்ததும் அதே நிறுவனம். கல்லை உடைத்த கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் டெய்லர்தான் 1824இல் மெக்சிகோவின் ரியல் டெல் மாண்டே வெள்ளிச் சுரங்கங்களுக்கும் கம்பெனி கட்டியவர். அங்கே போன கார்ன்வால்காரர்கள் விட்டுவந்த பாஸ்டி இன்றும் பாஸ்தே என்ற பெயரில் தெருவெல்லாம் விற்கிறது, மிளகாயோடும் மோலேக் குழம்போடும். தாளாத ஆசை, கோலாருக்கும் அப்படி ஒன்று வந்ததா என்று அம்மாவிடம் கேட்டேன். "உன் தாத்தா கண்டது கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். துரைமார் வீட்டுச் சமையலறைக்குள் அவரை யார் விட்டார்கள்?" என்றார்.

பேச்சு அதோடு முடிந்தது.

19 நவம்பர் 2023

சூடு எவ்வளவு என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 200 டிகிரியில் 20 நிமிடம், பிறகு 165க்கு இறக்கி 35 நிமிடம். காற்றாடி அடுப்பாக இருந்தால் இரண்டிலும் 20 டிகிரி குறையுங்கள். மேலே முட்டையோ பாலோ தடவுங்கள்.

கேரட் போடலாமா என்று கேட்டவருக்கு: உங்கள் வீடு, உங்கள் அடுப்பு. கார்ன்வாலில் யார் கண்ணிலும் படாமல் தின்னுங்கள். அமெரிக்காவில் மிச்சிகனின் வடபகுதித் தாமிரச் சுரங்கங்களுக்குப் போன பாஸ்டியில் கேரட் புகுந்துவிட்டது. மேலே கிரேவி ஊற்றுவதா கெச்சப் ஊற்றுவதா என்று அங்கே தனிச் சண்டையே நடக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொன்னேன். "பாவம், ரொம்பத் தூரம் போய்விட்டார்கள்" என்றார்.

பாஸ்டி பக்கத்து மாவட்டமான டெவன்காரர்களுடையது என்று சொன்னவருக்கு: அங்கேயுள்ள பிளிமத் நகரப் பழைய கணக்கில் 1510இல் அந்தச் சொல் வருகிறது, மறுக்கவில்லை. நான் இரண்டுக்கும் எல்லையான டேமர் ஆற்றுக்கு மேற்கே, கார்ன்வால் பக்கம் வாடகைக்கு இருக்கிறேன், இதற்குமேல் பேச முடியாது.

7 ஜனவரி 2024

மாமியார் வந்திருக்கிறார். மாட்டுக்கறி தின்ன மாட்டார். ஆட்டுக்கறி வைத்துச் செய்தேன், தொடைக்கறியைப் பொடியாக வெட்டி. சாறு போதவில்லை, உருளை வறண்டுவிட்டது. அடுத்த நாள் கறிக்கு மேலே நெல்லிக்காயளவு வெண்ணெய் வைத்து மூடினேன், சரியாக வந்தது. அவர் கேட்காமலே ஒன்றில் மட்டும் பச்சை மிளகாயும் கொஞ்சம் சோம்பும் நறுக்கிப் போட்டு, மூலையில் மாவால் "மா" என்று எழுதி ஒட்டியும் விட்டார். அக்டோபரில் இஞ்சிக்கு இடமில்லை என்று உங்களை அதட்டிய நானேதான் அந்த "மா"வில் பாதியைத் தின்றேன். நன்றாக இருந்தது. அதைப் பாஸ்டி என்று இங்கே வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

5 மார்ச் 2024

இன்று புனித பிரான் நாள், வெள்ளீயம் தோண்டியவர்களின் காவல் புனிதர். தெருவில் கறுப்பில் வெள்ளைச் சிலுவைக் கொடி. 6 செய்து, ஒன்றைப் பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் கொண்டுபோனேன். கையில் வாங்கி முதலில் எடை பார்த்தார். பிறகு கவிழ்த்து அடியைத் தட்டினார், ரொட்டியைத் தட்டுவதுபோல. பின்னலை விரலால் எண்ணிக்கொண்டே போனவர் நடுவில் ஓரிடத்தில் நின்றார். அங்கே சாறு ஒரு துளி கசிந்து கருகியிருந்தது. "இங்கே அவசரப்பட்டிருக்கிறீர்கள்" என்றார். அந்த இடத்தை மடிக்கும்போதுதான் தொலைபேசி அடித்தது. தின்றுவிட்டு, மிளகு சரி என்றார். ஒன்பது வருடத்தில் முதல் முறை.

பர்மிங்ஹாம் வாசகர் படம் அனுப்பியிருக்கிறார். நான்கில் மூன்று வாயை மூடிக்கொண்டிருக்கின்றன. நான்காவதை நீங்களே தின்றுவிடுங்கள், படத்தில் வைக்காதீர்கள். மிச்சத்தைச் சூடாக்க மைக்ரோவேவில் வைக்கலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வைத்தால் இத்தனை பாடுபட்டு மொறுமொறுப்பாக்கிய அடி முதல் நாள் மாதிரியே சொதசொதவென்று ஆகிவிடும். 160 டிகிரி அடுப்பில் 20 நிமிடம் வையுங்கள். இல்லையென்றால் ஆறினதையே தின்னுங்கள், சுரங்கத்தில் அப்படியும் தின்றிருப்பார்கள்.